குடுவையில் இருப்பவர்

மார்ச் 9

என் அன்பு அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள், அதை நம்புகிற மாதிரி நானும் நடிக்க வேண்டும். போனில் நீங்கள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "அப்புறம் பேசறேன் அண்ணி" என்று நான் வைத்துவிடுகிறேனாம். "இனிமே எழுதிப் போடு, நான் பத்து தடவை படிச்சுக்கறேன்" என்று திட்டினீர்கள். சரி, எழுதிவிட்டேன். கையெழுத்தைப் பற்றிப் புகார் சொல்லக் கூடாது.

ஒரு நல்ல சேதி இருக்கிறது. கடைசி மாதத்தில் அண்ணன் நெஞ்சில் கட்டியிருந்த நீரை எடுத்தார்கள் இல்லையா? அதில் கொஞ்சத்தை எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்டார். "என் நெஞ்சுல சும்மா கிடக்கறதுக்கு என் தங்கச்சிக்காவது வேலை குடுக்கட்டும்" என்று டாக்டரிடம் சொன்னாரே, நீங்கள்கூட அவர் தோளில் தட்டினீர்கள். அந்த நீரில் இருந்த புற்றுநோய்ச் செல்களைத்தான் குடுவையில் போட்டு வளர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. பெரும்பாலானவை மிதந்து மிதந்து செத்தன. ஒட்டிக்கொண்ட கொஞ்சமும் சோர்ந்து கிடந்தன. உடம்புக்குள் அத்தனை ஆட்டம் ஆடியவை, வெளியே எடுத்ததும் சாப்பிடவே மாட்டேன் என்று அடம்பிடித்தன.

அண்ணன் இறந்து, நான் உங்களோடு வந்து இருந்த நாட்களில், பக்கத்து மேசைக்காரிதான் அவற்றைப் பார்த்துக்கொண்டாள். வேலை செய்யும்போதெல்லாம் முணுமுணுத்துப் பாடுவாள் என்பதால் அவளுக்குப் பாட்டுக்காரி என்று பெயர் வைத்திருக்கிறோம். தன் லீவு நாளில்கூட வந்து, செல்களுக்குச் சாப்பாடான ஊட்டநீரை மாற்றியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை அண்ணி. சில வாரங்களில் அவை பிழைத்துக்கொண்டன. குடுவையின் அடிப்பக்கம் நிறைந்துவிட்டது. இரண்டாகப் பிரித்தேன், நான்காகப் பிரித்தேன், எங்கே வைத்தாலும் வளர்கின்றன. எங்கள் தலைவர் லென்ஸில் பார்த்துவிட்டு, "இது நிக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் சுலபத்தில் வராது.

குடுவைமேல் பெயர் எழுத எங்களுக்கு அனுமதி இல்லை, ஓர் எண்தான் ஒட்ட வேண்டும். ஆனால் காலையில் குடுவைகளை வைத்திருக்கும் சூட்டுப்பெட்டியைத் திறக்கும்போது மனசுக்குள் "அண்ணே, எழுந்தாச்சா" என்று கேட்கிறேன். அம்மா அப்பா போன பிறகு தினமும் காலையில் என்னை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். இப்போது முறை மாறியிருக்கிறது.

சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். அவரைக் கொன்ற செல்கள்தானே இவை, கேட்டால் உங்களுக்கு வலிக்குமோ என்று பயம். வலித்தால் எழுதுங்கள், இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

உங்கள் வாலு

மார்ச் 21

என் செல்ல வாலுக்கு,

கையெழுத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துப் படித்துக்கொண்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

வலித்ததா என்று கேட்டிருக்கிறாய். ஈசிஜி அறையில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கவரைப் பிரித்தேன். படித்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்து வந்த கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று பயந்துபோனார். இன்னும் ஈசிஜியே எடுக்கவில்லை பாவம். சமாதானப்படுத்திப் படுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அது நல்ல அழுகைதான். அவரைக் கொன்றதுதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவரிடம் இருந்ததுதானே அதுவும்? அவர் ரத்தத்தைக் குடித்து அவர் சூட்டில் வளர்ந்தது. அவருடையது என்று உலகத்தில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். எங்களுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. நீ அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தால்தான் வலிக்கும். ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரி அவரைப் பற்றி இருக்க வேண்டும், அதற்குப் பிறகு உன் கதை எதையாவது எழுதிக்கொள்.

ஒரு விஷயம். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உன்னிடமே திரும்பச் சொல்கிறேன். அன்றைக்கு நான் எங்கள் ஆஸ்பத்திரி மேல் மாடியில், அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே நெஞ்சுவலி என்று ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள், ஈசிஜி எடுக்க ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள். "போயிட்டு வந்துடறேன்" என்று அவர் காதில் சொல்லிவிட்டுத்தான் போனேன். கேட்டதோ இல்லையோ, தெரியாது. கீழே வந்தவர் மளிகைக்கடைக்காரர். சட்டையைக் கிழித்து, பசை தடவி, எல்லாம் ஒட்டி, காகிதம் வெளியே வரும்போதே கோடு எகிறியிருந்தது. பெரிய அட்டாக். ஊசி போட்டார்கள், அடைப்பு கரைந்தது, மனுஷன் பிழைத்தார். நான் மேலே ஓடி வந்தபோது உன் அண்ணன் இல்லை.

மளிகைக்காரர் மாதாமாதம் செக்கப்புக்கு வருகிறார். "உங்க கைராசிம்மா" என்கிறார். நானும் சிரித்துவைக்கிறேன்.

அவரை வைத்து ஒரு சந்தேகம் கேட்கிறேன். ஊசி போட்டு அடைப்பு கரைந்து ரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகும் சிலருக்கு இதயம் தேறுவதில்லையே, ஏன்? டாக்டர்களைக் கேட்டால் "டேமேஜ் ஆயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார்கள். நீ ஆராய்ச்சி செய்கிறவள்தானே, விளக்கமாகச் சொல்லு.

உன் அண்ணி

ஏப்ரல் 14

அன்பில் குறையாத, திட்டுவதிலும் குறையாத அண்ணிக்கு,

முதல் வரி: அண்ணன் சௌக்கியம். நேற்றுதான் இடம் போதவில்லை என்று புதுக் குடுவைக்குக் குடிபெயர்ந்தார். ஊட்டநீர் இளஞ்சிவப்பாக இருக்கும், பசி வந்தால் மஞ்சளாக மாறிவிடும். அவருக்கு ரெண்டு நாள் தாங்காது. மற்ற செல்களெல்லாம் ஒழுங்காக மூன்று நாள் பொறுக்கும்போது இவர் மட்டும் தட்டை நீட்டுகிறார். வீட்டிலும் அப்படித்தானே?

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். இதைக் கேட்டதும் எனக்கே ஆச்சரியமாகிவிட்டது, ஏனென்றால் எங்கள் கட்டடத்து மேல் மாடியில் இதயத்தை ஆராய்கிற இதயக்காரர்கள் இதைத்தான் வருஷக்கணக்காகக் குடைந்துகொண்டிருக்கிறார்கள்.

ரத்தம் நின்றுபோனால் இதயத்தின் தசைச் செல்கள் மூச்சுத் திணறுகின்றன. அது எல்லாருக்கும் தெரியும். அடைப்பு கரைந்து ரத்தம் திரும்பும்போது அவை பிழைத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே நினைப்போம்? ஆனால் அப்போதுதான் நிறையச் செல்கள் சாகின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தன்னைத் தானே அழித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அடிபட்டுவிட்டோம், இனி இருந்தால் மற்றவர்களுக்குத் தொல்லை என்று தோன்றினால் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போய்விடும். இதயச் செல்லுக்கு ரோஷம் அதிகம். காப்பாற்ற ஆள் வந்து நிற்கும்போதே போய்விடுகிறது.

புற்றுநோய்ச் செல் இதற்கு நேர் எதிர். கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிடும். மருந்து ஊற்று, கதிர் வீச்சு கொடு, பட்டினி போடு, சாகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். அந்தத் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்பதுதான் என் வேலை. மேல் மாடிக்காரர்களுக்கு எப்படிப் பூட்டுவது என்று தெரிய வேண்டும், அதுவும் அட்டாக் வந்த சில மணி நேரத்துக்கு மட்டும். அதற்கு மேல் பூட்டி வைத்தால் ஆபத்து.

போன வாரம் அவர்கள் இறங்கி வந்து அண்ணனைப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால் நாள் முழுக்கச் சோதித்தார்கள். எங்களிடம் இருப்பவற்றிலேயே மிகக் கெட்டியான தாழ்ப்பாள் இவரிடம்தான் இருக்கிறதாம். அது எப்படி என்று படித்து, அதை மருந்தாக்கி, எலியின் இதயச் செல்லில் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். பலித்தால், பல வருஷம் கழித்து, உங்கள் மளிகைக்காரர் மாதிரி ஆட்களுக்கு அடைப்புக் கரைக்கும் ஊசியோடு இன்னொரு ஊசியும் போடுவார்கள்.

அண்ணனுடைய பிடிவாதத்துக்கு இவ்வளவு மதிப்பு வரும் என்று யார் நினைத்தது?

உங்கள் வாலு

மே 2

வாலுக் கண்ணுக்கு,

அந்தப் பிடிவாதத்தை உயிரோடு இருந்தபோது டாக்டர் சொன்ன நேரத்தில் ஸ்கேன் எடுக்கிறதில் காட்டியிருக்கலாம். "லிஃப்ட் பாதி மாடியில நிக்குது, சரி பண்ணிட்டு வரேன்" என்று மூன்று மாதம் இழுத்தடித்தார். எந்த லிஃப்ட்டைப் பழுது பார்த்தாலும் முதலில் தானே ஏறி மேலும் கீழும் போய்ப் பார்க்கிற மனுஷன், தன் உடம்பை மட்டும் யாரும் பார்க்க விடவில்லை. சரி, போகட்டும். இப்போதாவது உருப்படியாக ஏதோ செய்கிறார்.

உன் கடிதத்தைச் சிஸ்டரிடம் படித்துக் காட்டினேன். எங்கள் இதய வார்டையே கட்டி மேய்க்கிற சிஸ்டரைத்தான் சொல்கிறேன், சிரித்தால் பல் கொட்டிவிடும் என்று நினைப்பவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரர் செத்தும் டியூட்டி பாக்கறார்" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

என் அக்கா வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். அவர் சட்டைகளை இன்னும் கொடியில் மாட்டி வைத்திருப்பதைப் பார்த்து அவளுக்குக் கோபம். "போனவரைப் போக விடுடி" என்றாள். அவர் எங்கேயும் போகவில்லை, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டு ஒரு சூட்டுப்பெட்டியில் சௌகரியமாக இருக்கிறார் என்று நான் சொன்னதும், அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எழுதி மாளாது.

எனக்கு அவரைப் பார்க்க வேண்டும். உன் தலைவர் லென்ஸில் பார்த்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த மாதிரி. ஜூனில் எனக்கு லீவு வருகிறது. வெளி ஆளை உள்ளே விடுவார்களா? தொப்பி, உறை எல்லாம் போட்டுக்கொள்கிறேன். எதையும் தொட மாட்டேன். உன் தலைவரிடம் நான் ஆஸ்பத்திரிக்காரி என்று சொல்லு.

உன் அண்ணி

ஜூன் 18

என் தங்கமான வாலுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பாதி வழியிலேயே முடித்துவிட்டேன்.

உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். லென்ஸில் கண்ணை வைக்கும்வரை எனக்குப் பயம்தான். ஏதோ கறுப்பாக, அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் உடைத்த அரிசி மாதிரி, ஒளி ஊடுருவுகிற மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அமைதியாக இருந்தார். ஒன்று இரண்டாகப் பிரிகிறது பாருங்கள் என்று காட்டினாயே, அதைப் பார்த்த பிறகு லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க மனசில்லை.

அப்போதுதான் உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னேன். நீயும் பாட்டுக்காரியும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டீர்கள். உங்கள் தலைவர்கூட எழுந்து வெளியே போனார். அவருக்கு என் நன்றியைச் சொல்லு.

என்ன பேசினேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். அன்றைக்கு ஏன் கீழே போனேன் என்று சொன்னேன். போகாமல் இருந்திருக்கலாம், வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம், ஆனால் ஒரு ஆள் மூச்சுக்குத் தவிக்கிறான் என்றால் என் கால் தானாகப் போய்விடும், உங்களுக்குத்தான் தெரியுமே என்றேன். அந்த ஆள் பிழைத்துவிட்டார், நன்றாக இருக்கிறார், கடை திறந்துவிட்டார் என்றேன். நான் வருவதற்குள் நீங்கள் ஏன் அவசரப்பட்டீர்கள் என்று கொஞ்சம் சண்டையும் போட்டேன். அவர் அங்கேதான் இருந்தார், வாலு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். இத்தனை நாள் போட்டோவைப் பார்த்துப் பேசிப் பார்த்திருக்கிறேன், இப்படிப் பாரம் இறங்கினதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டைகளை எல்லாம் மடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் பழுது பார்க்கிற சாமான் பெட்டியை அவரோடு வேலை செய்தவரிடம் கொடுத்தேன். செருப்பையும் கொடுத்தேன். துவைக்காமல் வைத்திருந்த தலையணை உறையைத் துவைத்துப் போட்டேன். அங்கே அவரே இருக்கும்போது இங்கே இதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. கட்டிலில் படுத்துத் தூங்கினேன், விடிந்த பிறகுதான் விழிப்பு வந்தது. அக்காவுக்கும் எழுதிவிட்டேன், வருஷக் கடைசியில் அவளோடு போய் இருப்பதாக.

நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ. அவர் வளர்த்த பிள்ளை அவரை வளர்க்கிறாய். நல்லா இரு.

உன் அண்ணி

ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

முதல் வரியை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. வேலை அதிகம் என்று போனில் சொன்னது பொய்.

உட்கார்ந்து படியுங்கள். ஈசிஜி அறையில் என்றால் இப்போது வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பிரியுங்கள்.

நானும் இதயக்காரர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தோம். வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை கேட்டார்கள். இந்தச் செல்கள் நாங்கள் சொல்கிற ஆளுடையவைதான் என்று நிரூபிக்க வேண்டும். இப்போது எல்லாரிடமும் கேட்கிறார்கள். அண்ணனிடம் அப்போது எடுத்த ரத்தம் எங்களிடம் உறைநிலையில் இருந்தது. இரண்டையும் அனுப்பினோம். சும்மா ஒரு சடங்கு என்றுதான் நினைத்தேன்.

பொருந்தவில்லை. அந்தச் செல்கள் ஒரு பெண்ணுடையவை.

தப்பு நடந்திருக்கும் என்று மறுபடி அனுப்பினேன். நிறைய வளர்ந்ததும் கொஞ்சத்தை உறைய வைப்போம், அப்படி வைத்த குழாய்களில் ஆகப் பழையதை எடுத்து அதையும் அனுப்பினேன். எல்லாவற்றிலும் அதே பதில். அந்தப் பெண் நான் பிறப்பதற்கு முன்பே புற்றுநோயில் இறந்தவர். அவருடைய செல்கள் எத்தனையோ ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்கின்றன. எங்களிடமும் உண்டு. பாட்டுக்காரியின் மேசையில் இருப்பது அதுதான்.

எங்களிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் இருக்கிறது. ஒரு வகைச் செல்லை முழுதாக முடித்து, மேசையைத் துடைத்து, அதன் ஊட்டநீர்ப் புட்டியை மூடி உள்ளே வைத்த பிறகுதான் அடுத்த வகையை வெளியே எடுப்போம். ஒருவருடைய புட்டியில் இன்னொருவருக்கு ஊற்றவே மாட்டோம். அண்ணன் இறந்த வாரம், பாட்டுக்காரி லீவு நாளில் வந்தாளே, அன்றைக்கு அண்ணனுடைய புட்டி தீர்ந்திருந்தது. புதிதாகத் தயாரிக்க நேரம் பிடிக்கும், அதற்குள் பட்டினியில் செத்துவிடுமே என்று தன் செல்களுக்கு ஊற்றி மிச்சமிருந்த புட்டியிலிருந்து ஊற்றியிருக்கிறாள். செத்துக்கொண்டிருந்தவற்றைக் காப்பாற்றத்தான் ஊற்றினாள். அந்தப் புட்டியில் அவளுடைய செல் ஒன்றோ இரண்டோ விழுந்திருக்க வேண்டும். அது போதும், அவை அவ்வளவு வேகம். நான் திரும்பி வந்து, பிழைத்துக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டபோது குடுவையில் அண்ணன் அநேகமாக இல்லை.

அவள் இப்போது பாடுவதில்லை. அவள்மேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டோம். இதயக்காரர்கள் பார்த்த தாழ்ப்பாளும் அந்தப் பெண்ணுடையதுதான், அது ஏற்கெனவே ஊரறிந்த விஷயம். அவர்கள் வேறு வழி தேடுகிறார்கள்.

"அண்ணிகிட்ட சொல்லாத. அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?" என்று பாட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். தெரியப் போவதில்லைதான். ஆனால் நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பீர்கள், நான் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் சௌக்கியம் என்று எழுத வேண்டும். ஒரு தடவை எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். யாரோ ஒருவரைக் காட்டி அண்ணன் என்று சொல்லிக்கொண்டே இருக்க என்னால் முடியாது, அதுவும் உங்களிடம்.

எனக்கும் அவர் மறுபடி போய்விட்டார் அண்ணி. காலையில் பெட்டியைத் திறக்கும்போது பேச்சு வந்துவிடுகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

உங்கள் வாலு

ஆகஸ்ட் 26

அன்பு அண்ணிக்கு,

கடிதம் கிடைத்ததா? போனிலும் நீங்கள் எடுக்கவில்லை. வார்டுக்குக் கூப்பிட்டேன். "டியூட்டில இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்றார் சிஸ்டர். அதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

கோபமாக இருந்தால் கோபத்தோடே எழுதுங்கள். திட்டுங்கள். எனக்கு அண்ணன் இருந்தவரை அண்ணன், அவருக்குப் பிறகு நீங்கள். வேறு யாரும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். லீவு போட்டு வரட்டுமா? வரச் சொன்னால் அடுத்த வண்டியில் வந்துவிடுவேன். வந்து எதையும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் வாலு

செப்டம்பர் 15

அன்பு வாலுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. வீட்டுக்குப் போய்ப் பிரிக்கச் சொன்னாய், நான் எப்போது பொறுத்திருக்கிறேன்? ஈசிஜி அறையில்தான் பிரித்தேன். பாதி படிக்கும்போது ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒட்ட வேண்டிய இடத்தில் எல்லாம் ஒட்டினேன், காகிதத்தைக் கிழித்து டாக்டர் கையில் கொடுத்தேன், அவரை அனுப்பிவிட்டு மீதியைப் படித்தேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

முதல் தடவை அவர் போனபோது வீடு நிறைய ஆள். யாரோ சமைத்தார்கள், யாரோ என்னைக் குளிக்கச் சொன்னார்கள், நீ பக்கத்திலேயே இருந்தாய். இந்தத் தடவை யாருக்கும் தெரியாது. சிஸ்டரிடம் நான்கு நாள் லீவு கேட்டேன். "எதுக்கு?" என்றார். "வீட்டுக்காரர் தவறிட்டார்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். நான் லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் அவருடையது என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். நான்தான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேனே. சாமான் பெட்டியைத் திருப்பிக் கேட்கலாம் என்று போனேன், அந்த ஆள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், கேட்க வாய் வரவில்லை. தலையணை உறையில் சோப்பு வாசனைதான் வருகிறது.

குடுவையில் இருந்த அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவருக்கும் ஒரு வீடு, புருஷன், பிள்ளை என்று இருந்திருக்கும். நான் கொட்டின எல்லாவற்றையும் பாவம் அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் உன் அண்ணன் கேட்கவில்லை, வாலு. ஏன் கீழே போனேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துவிட்டது என்று ஒன்றரை மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். இனி அதைச் சொல்ல எனக்கு இடமில்லை.

பாட்டுக்காரியிடம் நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை என்று சொல்லு. பட்டினியில் கிடந்ததற்குச் சோறு போட்டாள், அவ்வளவுதான். அவளைப் பாடச் சொல்லு.

உன்மேல் கோபமா என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறது. நியாயமில்லாத கோபம் என்று தெரிந்தும் போக மாட்டேன் என்கிறது. நீ செய்ததுதான் சரி. ரிப்போர்ட்டை மறைக்கக் கூடாது என்று எத்தனை நோயாளிகளின் வீட்டாரிடம் நானே வாதாடியிருக்கிறேன். ஆனாலும், நீ சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நினைக்கிற நாள்தான் அதிகமாக இருக்கிறது. போன வாரம் மளிகைக்காரர் வந்தார். ஈசிஜி சுத்தமாக இருந்தது. வழக்கம்போல "உங்க கைராசி" என்றார். அன்றைக்கு மேல் மாடியில் என்ன நடந்தது என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. தெரியாததால் அவர் சிரித்துக்கொண்டே போனார்.

வர வேண்டாம், கண்ணு. உன் முகத்தில் அவர் சாயல் இருக்கிறது. எழுதவும் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதல் வரியைத் தேடிக்கொண்டு ஓடுகிறேன். உன்னுடைய ரெண்டாவது கடிதத்தைப் பிரித்தபோதும் அப்படித்தான் ஓடினேன், எல்லாம் தெரிந்த பிறகும். அந்தப் பழக்கம் விட்டுப்போகிறவரை உன் கடிதம் எனக்கு ஆகாது.

அக்கா வீட்டுக்கு நான் போகவில்லை. இங்கேதான் இருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எப்போது முடியுமோ அப்போது நானே எழுதுகிறேன். எழுதாமலே போய்விட்டால், அண்ணி டியூட்டியில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்.

உன் அண்ணி